ஆஸ்கர் முன்கணிப்பு: வரலாறும் வழிமுறையும்

ஆஸ்கர் முன்கணிப்பு என்பது, அமெரிக்காவின் திரைப்படக் கலை, அறிவியல் அகாதமி ஆண்டுதோறும் வழங்கும் விருதுகளை எவரெவர் பெறுவர் என்பதை, உறை பிரிக்கப்படும் முன்பே கணித்துச் சொல்லும் முயற்சியாகும். இது திறனாய்விலிருந்து வேறுபட்டது. எந்தப் படம் சிறந்தது என்பது திறனாய்வாளரின் கேள்வி. எந்தப் படத்துக்கு வாக்குகள் விழுந்திருக்கும் என்பது கணிப்பவரின் கேள்வி. தேர்தலில் நல்ல வேட்பாளர் யார் என்பதும் வெல்லக்கூடியவர் யார் என்பதும் தனித்தனிக் கேள்விகளாக இருப்பது போலத்தான் இதுவும். இந்த வேறுபாட்டை மறந்து, தமக்குப் பிடித்த படத்துக்கே விருது என்று அடித்துச் சொல்வோர் ஆண்டுதோறும் ஏமாறுகின்றனர்.

மூடிய உறைக்கு முன்

முதல் விருது விழா 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் விடுதியில் நடைபெற்றது. வென்றவர்களின் பெயர்கள் அவ்வாண்டு பிப்ரவரி மாதமே வெளியாகிவிட்டதால் அன்று கணிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. விருந்துண்டு பரிசைப் பெற்றுக்கொள்ளும் நிகழ்ச்சியாகவே அது முடிந்தது. அடுத்த ஆண்டு முதல் முடிவுகள் இரகசியமாக வைக்கப்பட்டன. ஆனாலும் இரவுப் பதிப்பில் அச்சிடுவதற்காக நாளிதழ்களுக்கு மட்டும் பட்டியல் முன்கூட்டியே தரப்பட்டது. குறித்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை.

1930களின் நடுப்பகுதியில் இரண்டு நிகழ்ச்சிகள் கணிப்போரைத் திகைக்கவைத்தன. ‘ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்’ படத்தில் நடித்த பெட்டி டேவிஸின் பெயர் 1935ஆம் ஆண்டு விழாவுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெறவில்லை. அதற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக, பட்டியலில் இல்லாதவர் பெயரையும் வாக்குச்சீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று அகாதமி அனுமதித்தது. அப்படியும் டேவிஸ் வெல்லவில்லை. ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ படத்துக்காக கிளாடெட் கோல்பர்ட் வென்றார். தமக்கு விருது கிடைக்காது என்றே நம்பிய கோல்பர்ட் அன்றிரவு நியூயார்க் இரயிலைப் பிடிக்கப் போய்விட்டார். அவரை நிலையத்திலிருந்து அழைத்துவர வேண்டியதாயிற்று. பயண உடையிலேயே வந்து விருதை வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஹால் மோர் என்ற ஒளிப்பதிவாளர், பட்டியலில் பெயர் இல்லாமலே, வாக்காளர்கள் கையால் எழுதிய வாக்குகளால் வென்றார். அதன்பின் அவ்வழி அடைக்கப்பட்டது. அப்படி வென்றவர் அவர் ஒருவர்தான்.

1940இல் நாளிதழ்களுடனான ஏற்பாடு உடைந்தது. ‘கான் வித் த விண்ட்’ வென்ற அந்த இரவில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் தனது மாலைப் பதிப்பிலேயே முடிவுகளை அச்சிட்டுவிட்டது. விழாவுக்கு வந்துகொண்டிருந்தவர்கள், தாம் வென்றோமா தோற்றோமா என்பதை வழியிலேயே படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. இதற்குப் பரிகாரமாக 1941 முதல் மூடி முத்திரையிட்ட உறை நடைமுறைக்கு வந்தது. வாக்குகளை எண்ணும் கணக்குத் தணிக்கை நிறுவனத்தைத் தவிர வேறு எவருக்கும் முடிவு தெரியாது என்ற நிலை அப்போதுதான் உருவாயிற்று. இன்று நாம் காணும் முன்கணிப்பு என்னும் வழக்கம் அந்த உறையோடு பிறந்தது எனலாம்.

உறைக்குள் இருப்பதை அறிய எளிய வழி வாக்காளர்களையே கேட்டுவிடுவதுதான். ‘டெய்லி வெரைட்டி’ என்னும் திரைத்தொழில் நாளிதழ் அதைத்தான் செய்தது. 1948ஆம் ஆண்டு விழாவுக்கு முன் அது நடத்திய கருத்துக்கணிப்பில் சிறந்த நடிகையாக ரோசலிண்ட் ரசல் முன்னணியில் இருந்தார். அவர் வெல்வார் என்பதில் ஹாலிவுட்டில் எவருக்கும் ஐயமில்லை. மேடையில் வாசிக்கப்பட்ட பெயரோ லொரெட்டா யங். ரசல் தம் பெயர்தான் என்று எண்ணி இருக்கையிலிருந்து எழத் தொடங்கியவர், உடனே சமாளித்துக்கொண்டு கைதட்டலைத் தொடங்கிவைத்தார் என்பர். கணிப்பு பொய்த்தால் கணித்தவருக்கு ஒரு நாள் கேலிதான். முழு அரங்கின் முன் முகத்தை மாற்றாமல் அமர்ந்திருக்க வேண்டியவர் வேறொருவர்.

சங்கங்கள் தரும் தடயம்

இறுதிச் சுற்றில் அகாதமியின் உறுப்பினர் அனைவரும் எல்லாப் பிரிவுகளுக்கும் வாக்களிக்கலாம். 1927இல் 36 பேருடன் தொடங்கிய அமைப்பில் இன்று வாக்காளர்கள் ஏறத்தாழ 10,000 பேர். நடிகர், இயக்குநர், படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர் எனத் தொழில்வாரியாக அவர்கள் கிளைகளில் சேர்க்கப்பட்டுள்ளனர். இவர்களில் பலர் தத்தம் தொழிற்சங்கங்களிலும் உறுப்பினர்கள். அச்சங்கங்கள் ஆஸ்கருக்குச் சில வாரங்கள் முன்னதாகவே தம் விருதுகளை அறிவித்துவிடுகின்றன. எனவே சங்க விருது என்பது, அதே வாக்காளர்களில் ஒரு பகுதியினரும் அவர்களைப் போலவே சிந்திக்கும் சக தொழிலாளரும் சேர்ந்து நடத்திக்காட்டும் ஒத்திகை. கணிப்பவர் கையிலுள்ள மிக நல்ல கருவி இதுவே.

அமெரிக்க இயக்குநர்கள் சங்கத்தின் விருது 1948இல் தொடங்கியது. அன்று முதல் 2024ஆம் ஆண்டுப் படங்கள் வரை, அச்சங்கத்தின் தேர்வும் ஆஸ்கரின் சிறந்த இயக்குநர் தேர்வும் எட்டு முறை மட்டுமே வேறுபட்டன. அந்த எட்டிலும் மூன்று முறை, சங்கம் தேர்ந்தெடுத்தவர் ஆஸ்கர் பட்டியலிலேயே இல்லை: 1985இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், 1995இல் ரான் ஹோவர்ட், 2012இல் பென் அஃப்லெக். பட்டியலில் இல்லாதவருக்கு வாக்களிக்க இயலாது என்பதால் அவற்றைப் பிழையில் சேர்ப்பது சங்கத்துக்கு அநீதி.

கோல்டன் குளோப் விருதின் நிலை வேறு. 1944 முதல் அதை வழங்கிவந்தவர்கள் ஹாலிவுட்டில் பணியாற்றிய வெளிநாட்டுச் செய்தியாளர்கள். பல ஆண்டுகள் அவர்கள் நூறு பேருக்கும் குறைவு. அவர்களில் எவருக்கும் ஆஸ்கர் வாக்கு கிடையாது. ஆனாலும் சனவரியில் அதை வெல்லும் படத்தை, வீட்டில் பார்க்காத படங்களின் குவியலோடு இருக்கும் அகாதமி உறுப்பினர் முதலில் எடுத்துப் பார்க்கிறார். குளோப் அவருக்கு எதைப் பார்ப்பது என்று சொல்கிறது. எதற்கு வாக்களிப்பது என்று சொல்வதில்லை.

நடிகர்கள் அகாதமியின் மிகப் பெரிய கிளையினர். அதனால் திரை நடிகர்கள் சங்கம் ஒரு படத்தின் நடிகர் குழு முழுவதற்கும் சேர்த்து வழங்கும் விருது கவனத்துக்குரியது. 1999இல் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ வெல்லும் என்று பெரும்பாலோர் கருத, ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ வென்றது. 2006இல் ‘ப்ரோக்பேக் மவுண்டன்’ வென்றே தீரும் என்றிருக்க, ‘க்ராஷ்’ வென்றது. 2020இல் ‘1917’ படத்தைத் தாண்டி, தென்கொரியாவின் ‘பாரசைட்’ ஆங்கிலம் அல்லாத மொழியில் அமைந்த முதல் சிறந்த படமாயிற்று. மூன்று முறையும் அதிர்ச்சி தந்த படம் நடிகர்கள் சங்கத்தின் குழு விருதை ஏற்கெனவே பெற்றிருந்தது. அந்தத் தடயம் எல்லார் கண்முன்னும் இருந்தும் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் இதையே விதியாகக் கொண்டாலும் தவறு நேரும். 2017இல் வென்ற ‘மூன்லைட்’, 2025இல் வென்ற ‘அனோரா’ இரண்டுமே அக்குழு விருதைப் பெறாதவை.

எண்ணும் முறை மாறியபோது

2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதிலிருந்து சிறந்த படப் பிரிவில் போட்டியிடும் படங்களின் எண்ணிக்கை ஐந்திலிருந்து பத்தாக உயர்ந்தது. அத்துடன் முன்னுரிமை வாக்கு முறையும் வந்தது. (1930களின் நடுவிலிருந்து பத்தாண்டு காலம் இருந்த முறைதான் இது.) இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. 1969இல் வி. வி. கிரி இரண்டாம் விருப்ப வாக்குகள் எண்ணப்பட்ட பின்னரே வென்றார். இலங்கையில் 2024ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலும் இரண்டாம் விருப்பு எண்ணிக்கைக்குச் சென்றது.

வாக்காளர் தமக்குப் பிடித்த வரிசையில் படங்களுக்கு 1, 2, 3 என எண்ணிடுகிறார். எந்தப் படமும் பாதிக்கு மேல் முதலிடம் பெறாவிட்டால், கடைசியில் உள்ள படம் நீக்கப்பட்டு, அதன் சீட்டுகள் அவற்றில் குறிக்கப்பட்ட அடுத்த படத்துக்குச் செல்லும். ஓர் எடுத்துக்காட்டு: 100 வாக்காளர்கள், மூன்று படங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணிக்கையில் ‘அ’ 40, ‘ஆ’ 35, ‘இ’ 25. ‘இ’ நீக்கப்படுகிறது. அந்த 25 பேரில் 20 பேர் இரண்டாவதாக ‘ஆ’வையும் 5 பேர் ‘அ’வையும் குறித்திருந்தால், இப்போது ‘ஆ’ 55, ‘அ’ 45. முதலில் முந்திய ‘அ’ தோற்றுவிடுகிறது.

சிலரால் மிகவும் விரும்பப்பட்டுப் பலரால் வெறுக்கப்படும் படத்துக்கு இம்முறை இடர். எல்லாருக்கும் ஓரளவு பிடித்த படத்துக்கு இது துணை. ஆகவே, 2009க்குப் பின் கணிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி இரண்டாயிற்று: எத்தனை பேர் இதை முதலில் வைப்பார்கள்? எத்தனை பேர் இதைக் கடைசியில் தள்ளுவார்கள்? தயாரிப்பாளர்கள் சங்கமும் அதே ஆண்டில் இதே எண்ணும் முறைக்கு மாறியது. அதன்பின் 2024ஆம் ஆண்டுப் படங்கள் வரையிலான 16 ஆண்டுகளில் அச்சங்கம் தேர்ந்த படம் மூன்று முறை மட்டுமே ஆஸ்கரில் தோற்றது (‘த பிக் ஷார்ட்’, ‘லா லா லேண்ட்’, ‘1917’). ஓராண்டு சங்கத்தில் இரு படங்கள் சமநிலை பெற்றன. அவற்றுள் ஒன்றே ஆஸ்கரை வென்றது.

வாக்காளர்களும் மாறினர். நடிப்புப் பிரிவுகளில் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வெள்ளையர் மட்டுமே பரிந்துரைக்கப்பட்டதற்கு எழுந்த கண்டனத்தால், 2016 முதல் அகாதமி பெண்களையும் பிற இனத்தவரையும் வெளிநாட்டவரையும் பெருமளவில் சேர்த்தது. ‘மூன்லைட்’டும் ‘பாரசைட்’டும் வென்றதை இந்த மாற்றத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பழைய வாக்காளர் பட்டியலை மனத்தில் வைத்துக் கணித்தவர்கள் இவ்விரண்டு முறையும் சறுக்கினர். இயக்குநருக்குப் பரிந்துரை கிடைக்காத படம் சிறந்த படமாகாது என்ற பழைய வாய்பாடும் அக்காலத்தில் உடைந்தது: 2012இன் ‘ஆர்கோ’, 2018இன் ‘கிரீன் புக்’, 2021இன் ‘கோடா’ மூன்றும் அதை மீறி வென்றன.

கணக்கியலாளர்களும் ஆஸ்கரும்

இத்தனை தரவுகள் இருக்கும்போது புள்ளியியலாளர்கள் சும்மா இருப்பார்களா? 2008ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் கணிப்பால் புகழ்பெற்ற நேட் சில்வர், 2009ஆம் ஆண்டு விழாவுக்கு ஆறு முக்கியப் பிரிவுகளைக் கணித்தார். நான்கு சரி, இரண்டு தவறு. சிறந்த நடிகராக மிக்கி ரூர்க்கைச் சொன்னார். ஷான் பென் வென்றார். துணை நடிகையாகத் தாராஜி ஹென்சனைச் சொன்னார். பெனலோப்பி குரூஸ் வென்றார். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடக்கும் தேர்தலில், ஒவ்வொரு பிரிவுக்கும் சேரும் தரவு மிகச் சிறியது. அதிலும் பாதி பழைய வாக்காளர்கள் காலத்தது.

அதே 2009 விழாவில் ஏ. ஆர். ரஹ்மான் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக இரண்டு ஆஸ்கர்களைப் பெற்றார். பின்னணி இசைக்கு அவர் வெல்வார் என்பது கணிப்போருக்கு எளிதாக இருந்தது. கோல்டன் குளோப், பிரிட்டனின் பாஃப்டா இரண்டும் ஏற்கெனவே அவரிடம் இருந்தன. பாடல் பிரிவுதான் சுவையானது. அவ்வாண்டு கோல்டன் குளோப் பெற்ற பாடல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘த ரெஸ்லர்’. ஆனால் ஆஸ்கர் பட்டியலில் அது இடம்பெறவே இல்லை. பட்டியலில் இருந்தவை மூன்றே பாடல்கள். அவற்றுள் இரண்டு ரஹ்மானுடையவை. ஒரே ஆளின் இரு பாடல்கள் போட்டியிட்டால் வாக்கு பிரிந்து மூன்றாமவர் வெல்லக்கூடும் என்ற அச்சம் எந்தத் தேர்தலிலும் உண்டு. இங்கு அப்படி நிகழவில்லை. ‘ஜெய் ஹோ’ வென்றது.

விழாவே கணிப்பை நம்பியபோது

2021 ஏப்ரல் 25 அன்று நடந்த விழாவில், வழக்கமாக இறுதியில் அறிவிக்கப்படும் சிறந்த படம் முன்னதாகவே அறிவிக்கப்பட்டது. சிறந்த நடிகர் விருது கடைசிக்குத் தள்ளப்பட்டது. முந்தைய ஆண்டு 43 வயதில் மறைந்த சாட்விக் போஸ்மன் வெல்வார், அந்த உருக்கத்தோடு நிகழ்ச்சியை முடிக்கலாம் என்று அமைப்பாளர்கள் எண்ணியதாகவே பார்த்தவர்கள் புரிந்துகொண்டனர். கோல்டன் குளோப், நடிகர்கள் சங்க விருது இரண்டையும் போஸ்மன் பெற்றிருந்தார். ஆனால் பாஃப்டா விருது ‘த ஃபாதர்’ படத்தில் நடித்த ஆன்டனி ஹாப்கின்ஸுக்குச் சென்றிருந்தது. உறையில் இருந்த பெயரும் ஹாப்கின்ஸ். 83 வயதான அவர் அரங்கில் இல்லை, வேல்ஸில் இருந்தார். விருதைப் பெற ஆளில்லாமல் நிகழ்ச்சி சட்டென முடிந்துபோயிற்று. மறுநாள் காணொளியில் தோன்றிய ஹாப்கின்ஸ், விருதை எதிர்பார்க்கவில்லை என்று கூறி, போஸ்மனுக்கு அஞ்சலி செலுத்தினார். வென்றவருக்கும் மறைந்தவரின் குடும்பத்துக்கும் ஒருசேரச் சங்கடம் தந்த இரவு அது.

இன்றும் கணிக்க மிகக் கடினமானவை குறும்படப் பிரிவுகளே. அவற்றுக்கு ஒத்திகை போன்ற சங்க விருதுகள் ஏதுமில்லை. முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய ‘த எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ 2023இல் குறு ஆவணப்படத்துக்கான விருதைப் பெற்றது அத்தகைய ஒரு பிரிவில்தான். மற்றப் பிரிவுகளிலும் கணக்கு மாறக்கூடும். 2025 ஏப்ரலில் அகாதமி அறிவித்த விதிப்படி, ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட படங்கள் அனைத்தையும் பார்த்த உறுப்பினர் மட்டுமே அப்பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்க முடியும். படத்தைப் பார்க்காமலே பெயரையும் பேச்சையும் வைத்து விழுந்துவந்த வாக்குகள் எத்தனை என்பது இதுவரை எவர் கணக்கிலும் இல்லை.