குழந்தைப்பருவப் பிணைப்புக் குறைபாடும் குடிநோயும்

அச்சம், பசி, வலி நேரும்போது தன்னைப் பேணுபவரிடம் ஓடிச்சென்று, அங்கு ஆறுதல் கிடைக்கும் என்று குழந்தை நம்பக் கற்றுக்கொள்வதை உளவியலார் பிணைப்பு என்பர். பேணுபவரின் இறப்பாலோ பிரிவாலோ வன்முறையாலோ அந்நம்பிக்கை உருவாகாமல் போவதும், உருவான பின் முறிவதும் பிணைப்புக் குறைபாடு எனப்படும்.

பிணைப்புக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டவர் பிரிட்டானிய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990). உகாண்டாவிலும் பின்னர் பால்டிமோரிலும் குழந்தைகளை நேரில் ஆராய்ந்து அதை வளர்த்தவர் மேரி எய்ன்ஸ்வர்த். பிறர் தேற்றத் தேறிய குழந்தையே பின்னாளில் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் திறன் பெறுகிறது என்பதும், அத்திறன் வாய்க்காதவருக்கு மது சில நிமிடங்களில் அதே அமைதியைத் தந்துவிடுவதால் மனிதர் இருக்கவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது என்பதும் இக்கோட்பாட்டின் வழியே குடிநோய்க்குத் தரப்படும் விளக்கம். அமெரிக்காவில் 9,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு, இளமையில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களுக்கு ஆளானவர்களிடம் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு மிகுந்திருந்ததைக் காட்டியது. எனினும், பலரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலன்ட், இளமைத் துயரைவிடக் குடும்ப வழி மரபே வலிய காரணம் என்று 1983-இல் வாதிட்டார். ஆகவே பிணைப்புக் குறைபாட்டைப் பல காரணங்களுள் ஒன்றாகக் கொள்வதே தகும்.

மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் குழந்தையின் பிணைப்பு தாயோடு நின்றுவிடுவதில்லை. அப்பத்தா, அம்மாச்சி, தாய்மாமன் என்று அது பரவி நிற்பதால், தாய் வேலைக்காக வெளியூர் சென்றிருப்பது மட்டுமே குறைபாடு ஆகிவிடாது. அவ்வுறவுகள் அனைத்திலிருந்தும் ஒருசேரப் பிரிக்கப்படுவதுதான் கொடிது. உசிலம்பட்டி வட்டாரச் சிறுவர்கள் முன்பணத்துக்கு ஈடாக வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு அனுப்பப்பட்டதை அத்தகைய பிரிவாகவே கருதவேண்டும். இவற்றைவிடப் பரவலானது தந்தையின் குடி. காலையில் கொஞ்சியவரே இரவில் அடிப்பவராக வரும் வீட்டில், அடைக்கலமும் அச்சமும் ஒரே ஆளிடமிருந்து வருவதால், நெருங்குவதா விலகுவதா என்று குழந்தை திகைத்துப்போகிறது. உளவியலாளர் மேரி மெய்ன் இதைச் சீர்குலைந்த பிணைப்பு என்று வகைப்படுத்தினார். அவ்வீட்டுப் பிள்ளை மரபுவழி இடரையும் பிணைப்புவழி இடரையும் ஒருங்கே சுமக்கிறது என்பது மிகுந்த கவனத்துக்குரியது.

மீட்சியின் முதற்கட்டம் உடலைப் பற்றியது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிருக்கு ஆபத்தான சித்தப்பிரமையும் நேரக்கூடும் என்பதால் மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது. அதன்பின் வரும் மனமீட்சியே நெடிய பணி. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, குடிநோயாளியோடு குடும்பத்தாரையும் சிகிச்சைக்கு உட்படுத்தும் முறையைத் தமிழகத்தில் வேரூன்றச் செய்தது. மதுரையில் மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் நிறுவிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநல மறுவாழ்வுப் பணியில் ஈடுபட்டுள்ளது. ஆயினும் நாட்டில் மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறியுள்ளார் என்று 2019-இல் வெளியான தேசிய ஆய்வு தெரிவிக்கிறது.

1935-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் புதியவருக்குத் துணைநிற்பது, இளமையில் கிட்டாத நம்பகமான உறவைப் பின்னாளில் ஈட்டித்தரும் ஏற்பாடாக விளங்குகிறது. சபரிமலைக்கு மாலையணிந்த காலத்தில் பலர் மதுவைத் தொடாதிருப்பதற்குப் பக்தியோடு குருசாமியின் கண்காணிப்பும் உடன் செல்லும் சாமிகளின் அன்றாடத் துணையும் காரணம் எனலாம். மாலை கழற்றியபின் அத்துணை கலைந்துபோவது, மறுபடி குடிக்கத் தொடங்குவதை ஓரளவு விளக்கும்.

பிணைப்புக் குறைபாடுடைய குடிநோயாளிகள் ஆலோசகரை எளிதில் நம்புவதில்லை, நம்பியபின் சிறு புறக்கணிப்பையும் தாங்குவதில்லை. சிகிச்சையை இடையில் விட்டுச் செல்வதைப் பிடிவாதம் என்று கடிந்துகொள்வது பழைய காயத்தை மீண்டும் கிளறும். ஆலோசகர் மாற நேர்ந்தால் அதை நோயாளியிடம் முன்னரே சொல்லி, புதியவரை அவர் முன்னிலையிலேயே அறிமுகப்படுத்தி, சில அமர்வுகளேனும் இருவரும் சேர்ந்து நடத்துவது மீட்பு மையங்கள் கைக்கொள்ளவேண்டிய நடைமுறையாகும்.