டக்டுக்குள் எவ்வளவு காற்று, காற்றில் எவ்வளவு ஈரம்?

கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நம்மவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. வீட்டுக்குள் காற்று வறண்டு உதடு வெடிக்கிறது, ஸ்வெட்டரைக் கழற்றினால் பொறி பறக்கிறது. அதே வீட்டில், அதே நாளில், ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. இது எப்படி? கையடக்கமான ஒரு மீட்டரை வாங்கி, வீட்டின் டக்டுகளில் காற்றோட்டத்தையும் ஈரப்பதத்தையும் அளந்த பிறகுதான் எனக்கு இது விளங்கியது.

எங்கள் வீடு விட்பியில் இருக்கிறது. டொரான்டோவுக்குக் கிழக்கே ஒன்டாரியோ ஏரிக்கரையில் உள்ள ஊர். இங்குள்ள குடியிருப்புகளில் கராஜுக்கு மேலே ஒரு படுக்கையறை கட்டுவது வழக்கம். ஒரு ஜனவரியில் கோவையிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அந்த அறையைக் கொடுத்தோம். பத்து நாளில் இருமல் பிடித்துக்கொண்டது. கட்டிலை நகர்த்திப் பார்த்தால் சுவர் மூலையில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். ஹியூமிடிஃபையரைக் குறைக்க வேண்டும் என்றேன் நான். "குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வருது, கூட்டி வையுங்க" என்றாள் மனைவி. வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, டக்ட் முழுவதையும் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார். அவர் கையில் மீட்டர் எதுவும் இல்லை.

இங்கே பெரும்பாலான வீடுகளில் பேஸ்மெண்டில் ஒரு ஃபர்னஸ் இருக்கும். அதன் மின்விசிறி சூடான காற்றைத் தகரக் குழாய்கள் வழியே அறைக்கு அறை தள்ளுகிறது. வேறு குழாய்கள் ஆறிய காற்றைத் திரும்ப இழுத்து வருகின்றன. முதலாவது சப்ளை, இரண்டாவது ரிட்டர்ன். ஹியூமிடிஃபையர் இந்த ஓட்டத்தில் ஈரம் சேர்க்கிறது. ஆக, ஓர் அறை சரியில்லை என்றால் கேட்க வேண்டியவை இரண்டே: எவ்வளவு காற்று வருகிறது? அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது?

காற்றின் வேகத்தை அளக்கும் கைமீட்டர்களில் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. ஒன்றில் சின்னக் காற்றாடி சுழலும். விலை குறைவு, ஆனால் மெல்லிய காற்றில் அது நகரவே நகராது. மற்றது சூட்டுக்கம்பி வகை. மின்சாரத்தால் சூடேற்றிய நுண்ணிய கம்பியைக் காற்று குளிர்விக்கிறது. எவ்வளவு குளிர்கிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்கை 1914ல் விரிவாக எழுதி வெளியிட்டவர் மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் லூயி வெசோ கிங். வெப்ப இழப்பு ஏறத்தாழ வேகத்தின் வர்க்கமூலத்தோடு கூடுவதால் குறைந்த வேகங்களில் இது நுட்பமாகக் காட்டும். 1732ல் ஹென்றி பீட்டோ கண்ட பீட்டோ குழாயை வீட்டு டக்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அது உணரும் அழுத்தம் வெறும் 0.6 பாஸ்கல். அதை நம்பகமாகப் படிக்கும் கருவி நம் பட்ஜெட்டில் கிடைக்காது.

ஈரப்பதத்துக்கு வருவோம். 1783ல் ஸ்விட்சர்லாந்தின் தெ சொஸ்யூர் மனிதத் தலைமுடியைக் கொண்டு ஈரமானி செய்ததை விவரித்தார். ஈரத்தில் முடி நீளும், வறட்சியில் சுருங்கும். இன்றைய மீட்டரில் முடிக்குப் பதிலாக மெல்லிய பாலிமர் படலம் இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும்போது அதன் மின்தேக்கும் திறன் மாறுகிறது. ஃபின்லாந்தின் வைசாலா நிறுவனம் 1973ல் சந்தைக்குக் கொண்டுவந்த முறை இது. கோவை நூற்பாலைகளில் இருந்ததோ இன்னும் எளிய ஏற்பாடு. அம்மாவே சொன்னார்: "உங்கப்பா மில்லுல ரெண்டு தெர்மாமீட்டர் சுவத்துல மாட்டியிருக்கும் கண்ணு, ஒண்ணுக்கு ஈரத்துணி சுத்தி." ஈரக்குமிழ், உலர்குமிழ் என்பார்கள். காற்று எவ்வளவு வறண்டதோ அந்த அளவுக்கு ஈரத்துணி குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டியலில் பார்த்தால் ஈரப்பதம் கிடைக்கும். காற்று வறண்டால் பஞ்சிழை அறும், மில் நின்றுபோகும். அதனால் ஆலைக்காற்றில் செயற்கையாக ஈரம் சேர்ப்பார்கள். அதற்கென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் தனிப் பிரிவே இருந்தது.

இங்கே இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போயின. 1902ல் வில்லிஸ் கேரியர் அதற்குத் தீர்வாக வடிவமைத்ததுதான் நவீன ஏர்கண்டிஷனிங்கின் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. விட்பியின் வடபகுதிக்கும் புரூக்ளின் என்றுதான் பெயர். ஆங்கில எழுத்துதான் சற்று வேறு.

மீட்டரை வாங்கியவுடன் நம்பிவிடக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகுமளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும், உப்பு மீட்டரில் படாமல், காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் மூடி ஓர் இரவு வைத்துவிடுங்கள். அறை வெப்பநிலையில் உள்ளே 75 சதவீத ஈரப்பதம் நிலைக்கும். இது உப்பின் இயல்பு. என் மீட்டர் 78 காட்டியது. உயர் அளவுகளில் மூன்று கூட்டிச் சொல்லும் கருவி என்று குறித்துக்கொண்டேன்.

இனி அளவு. அறைக்குள் காற்று வரும் திறப்பு எங்கள் வீட்டில் 4 அங்குலத்துக்கு 10 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.026 சதுர மீட்டர். மேலுள்ள கம்பித் தட்டியை எடுத்துவிட்டு, திறப்பை எட்டுப் பத்துக் கட்டங்களாக மனதில் பிரித்து ஒவ்வொன்றிலும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் பிசகும். டக்டின் வளைவைத் தாண்டி வரும் காற்று ஒரு பக்கமாகவே ஒதுங்கிப் பாயும். டக்டிலேயே துளையிட்டு அளப்பதானால் வளைவிலிருந்து குழாய் விட்டத்தைப் போல் ஏழு எட்டு மடங்கு தள்ளி, நேரான பகுதியில் அளக்க வேண்டும். அங்கும் நடுமைய வேகம் சராசரியைவிட அதிகம் என்பதை மறக்கக் கூடாது. (புகைபோக்கிக் குழாயிலோ ஃபர்னஸின் உடலிலோ எக்காரணம் கொண்டும் துளையிடாதீர்கள்.) இவ்வளவு கவனமாகச் செய்தாலும் விடையில் பத்துப் பதினைந்து சதவீதம் பிழை இருக்கலாம். பரவாயில்லை. எல்லா அறைகளையும் ஒரே முறையில் அளந்தால் அறைக்கு அறை உள்ள விகிதம் பெரிதும் பொய் சொல்லாது.

குழந்தையின் அறையில் சராசரி விநாடிக்கு 1.5 மீட்டர். பரப்பால் பெருக்கினால் விநாடிக்கு 39 லிட்டர். இங்குள்ள பணியாளர்கள் பேசும் கணக்கில் நிமிடத்துக்கு 82 கன அடி. அம்மாவின் அறையில் 0.6 மீட்டர்தான். நிமிடத்துக்கு 33 கன அடி. அடியிலே சூடில்லாத கராஜ், மூன்று பக்கம் வெளிச்சுவர். அதிகம் வேண்டிய அறைக்குப் பாதிகூடப் போகவில்லை!

ஈரப்பதத்தில் முதலில் நான் ஏமாந்தேன். ஃபர்னஸுக்கு மேலே சப்ளை டக்டில் மீட்டரை நுழைத்தால் 8 சதவீதம்! ஹியூமிடிஃபையர் செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அங்கே காற்றின் வெப்பநிலை 50 டிகிரி. மீட்டர் காட்டுவது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய ஈரத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது மட்டுமே அது. சூடேறினால் கொள்ளளவு கூடும், ஈரம் அப்படியே இருக்க எண் சரியும். அதே காற்று 21 டிகிரிக்கு ஆறினால் 40 சதவீதம். வெளியே மைனஸ் 15 டிகிரியில் 70 சதவீதம் என்று வானிலை அறிக்கை சொல்லும் காற்றை உள்ளே கொண்டுவந்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் வெறும் 5 சதவீதம். உதடு வெடிப்பதன் ரகசியம் இதுதான்.

ஆகவே ஒப்பிட வேண்டியது பனிப்புள்ளியை, அதாவது எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அந்தக் காற்றிலிருந்து நீர் படியத் தொடங்குமோ அதை. நல்ல மீட்டர்கள் அதையும் காட்டும். ஆனால் சூடான சப்ளை டக்டில் அதையும் நம்பாதீர்கள். 50 டிகிரியில் மூன்று சதவீதப் பிழை பனிப்புள்ளியை 0 டிகிரியிலிருந்து 11 டிகிரி வரை எங்கே வேண்டுமானாலும் காட்டவைக்கும். ரிட்டர்ன் டக்டில் அதே பிழை ஒரு டிகிரி அளவுதான். காற்றோட்டத்தை சப்ளையில் அளங்கள், ஈரத்தை ரிட்டர்னில் அளங்கள். இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு வார இறுதிகள் மிச்சமாகியிருக்கும்.

பிறகு வீட்டைச் சுற்றி வந்தேன். ஹாலில் 21 டிகிரி, 40 சதவீதம். குழந்தையின் தலையணையருகே 28 டிகிரி, 26 சதவீதம். கட்டிலின் தலைமாட்டை நாங்களே சூட்டுக்காற்றுத் திறப்பின் மேல் போட்டிருந்தோம். அம்மாவின் அறையில் 16 டிகிரி, 55 சதவீதம். மூன்று இடத்திலும் பனிப்புள்ளி ஏறத்தாழ 7 டிகிரிதான். வீடெங்கும் ஒரே ஈரம். மாறியது வெப்பநிலை மட்டும். கட்டிலுக்குப் பின்னால் சுவர் மூலை 9 டிகிரி. அங்கே அந்த ஈரம் 87 சதவீதமாகிறது. சுவரை ஒட்டிய காற்றில் நெடுநாள் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சணத்துக்குப் போதும். ஜன்னல் கண்ணாடியின் கீழ்விளிம்பு 4 டிகிரி, பனிப்புள்ளிக்கும் கீழே. அதனால் தண்ணீர் வழிந்தது. நானும் மனைவியும் சண்டையிட்ட ஹியூமிடிஃபையருக்கு இதில் பெரிய பங்கில்லை.

பேஸ்மெண்டில் அந்த அறைக்குப் போகும் கிளைக்குழாயைத் தேடிப் பிடித்தேன். டாம்பரின் கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது என்று பொருள். இது சாய்ந்து நின்றது. இரண்டடி தள்ளி ஓர் இணைப்பில் விரல் நுழையும் இடைவெளி. நாங்கள் பேஸ்மெண்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தோம். டாம்பரைத் திறந்து, இணைப்பைத் திருகாணி போட்டு அலுமினியத் தகடு நாடாவால் ஒட்டினேன். டக்ட் டேப் என்ற பெயரில் விற்கும் சாம்பல் நிறத் துணி நாடா டக்டுக்கு ஆகாது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் 1998ல் சோதித்தபோது சூட்டில் தோற்றது அதுதான்!

மறுபடி அளந்ததில் விநாடிக்கு 1.2 மீட்டர், நிமிடத்துக்கு 66 கன அடி. அறை 19.5 டிகிரிக்கு வந்தது. வெளியே அதே குளிர் இருந்த நாளில் சுவர் மூலை 12 டிகிரியை நெருங்கியது. ஹியூமிடிஃபையரைத் தொடாமலே மூலையில் 72 சதவீதம். குளிர்காலத்தில் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும் என்பது கனடா சுகாதாரத் துறையின் யோசனை. அதை மதித்து ஹாலில் 35க்கு இறக்கியபோது 63 ஆனது. பூஞ்சணத்தைத் துடைத்து, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம். குழந்தையின் கட்டிலையும் திருப்பிப் போட்டோம். மூக்கில் ரத்தம் வருவது நின்றது. அம்மாவின் இருமல் பிப்ரவரி நடுவில் போனது. எது எதனால் என்று சொல்ல நான் மருத்துவன் அல்ல.

மீட்டருக்குக் கோடையிலும் வேலை உண்டு. ஜூலையில் இங்கே வெளிக்காற்றின் பனிப்புள்ளி 20 டிகிரியைத் தொடும் நாட்கள் வரும். பேஸ்மெண்ட் சுவரோ 17, 18 டிகிரியில் இருக்கும். ஈரவாடை போகட்டும் என்று அன்று பேஸ்மெண்ட் ஜன்னலைத் திறந்தால் ஈரத்தை உள்ளே அழைத்ததாகிவிடும். வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை பனிப்புள்ளியைப் பார்த்து, வெளியே குறைவாக இருக்கும் நாளில் மட்டும் திறக்கிறோம்.