வன்னிச் சிறுவரின் பற்களும் நீரின் வரலாறும்

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பல்லுக்கு உறுதி தருவன என்பது நம் கிராமிய மரபு. பற்பாதுகாப்பைத் தனிமனித ஒழுக்கமாகக் காணும் இப்பார்வை, குச்சி தூரிகையாக மாறிய பின்னரும், பாடசாலைச் சுகாதாரப் போதனையில் தொடர்கின்றது. பல் துலக்காத பிள்ளை குற்றவாளியாகின்றது. அப்பிள்ளை குடித்த நீர் விசாரிக்கப்படுவது அரிது. வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாறோ அவ்விசாரணையை வேண்டி நிற்கின்றது.

இலங்கையில் பாடசாலைச் சிறுவருக்கான பற்சிகிச்சைச் சேவை 1950களில், கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து வழங்கிய உதவியுடன் உருப்பெற்றது. பயிற்சி மகரகமவில் நடைபெற்றது. 1921இல் நியூசிலாந்து தொடக்கிய முறையே இதன் முன்மாதிரி. பயிற்றப்பட்ட பெண் தாதியர் பாடசாலையிலேயே சிறுவரின் பல்லைப் பேணுவர். இலவசக் கல்வியோடு சேர்த்து எண்ணத்தக்க முற்போக்கான ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் பகை பற்சூத்தை. வவுனியாப் பகுதியிலோ பிறிதொரு கேடும் நிலத்தினடியில் கிடந்தது.

உலர்வலயத்தின் கடும்பாறைகளினூடே ஊறும் நிலத்தடி நீரில் பலவிடங்களில் புளோரைட்டு மிகுதி. சிறிதளவில் சூத்தையைத் தடுக்கும் இப்பொருள், அளவு மிஞ்சின், முரசினுள் உருவாகிவரும் நிலைப்பற்களின் மேற்படையைக் கெடுக்கின்றது. வெண்புள்ளியாகவும் கபிலக் கறையாகவும் அக்கேடு பின்னர் வெளிப்படும். உலக சுகாதார நிறுவனம் குறித்த மேல்வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். மிகுதியாக நீர் பருகப்படும் வெப்பநாட்டுக்கு இதுவுங்கூட உயர்ந்ததே என்பர் ஆய்வாளர். மேல்முன்பற்களுக்கு முதல் மூன்றாண்டுகளே பேரபாயமானவை. பாடசாலை வாயிலில் காத்திருக்கும் சேவையிடம் பிள்ளை வந்துசேரும்போது கறைக்கான காரியம் முடிந்திருக்கும். அதன்பின் எத்தூரிகையும் அதனை நீக்காது.

எவர் எந்நீரைக் குடித்தனர் என்பதே வரலாற்று வினா. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறிய மலையகத் தொழிலாளர் காடுவெட்டிய மேட்டுநிலத்தில் கிணற்றையே நம்பினர். 1980களில் குழாய்க்கிணறுகள் பெருகின. கிருமி குறைந்த நீரைத் தந்தமை அவற்றின் சாதனை. வயிற்றோட்டத்தால் மாண்ட குழந்தைகளை நினைப்போர் அதனை இழித்துரையார். எனினும் ஆழத்து நீர் பாறையோடு நெடிது உறவாடிய நீர். குளத்தை அண்டிய ஆழங்குறைந்த கிணறுகளில் பொதுவாகப் புளோரைட்டுக் குறைவு. குளத்தருகே நிலம் பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பது பிள்ளைகளின் சிரிப்பிலும் பதிந்தது எனலாம்.

2009இல் போர் முடிந்தபின் வவுனியாவில் நீர் வடிகட்டும் நிலையங்கள் தோன்றின. அந்நீரைச் சுமந்துவர வாகனமும் வாங்கக் காசும் உடையோருக்கே அது எளிது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசிமணியளவு பற்பசையே போதுமெனத் தாய்மாருக்குப் போதிக்கும் கையேடுகள், முன்பள்ளிக் கிணற்று நீரின் அளவையும் அவர்களுக்கு அறிவித்தல் வேண்டும்.