வெளியே எறிந்த வெப்பம்

1906 ஏப்ரல் 18, அதிகாலை 5:12. சான் பிரான்சிஸ்கோவைச் சீரழித்த நிலநடுக்கம், தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தையும் உலுக்கியது. வளாகத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் விடுதியில் இருந்த மாணவர். இன்னொருவர் ஓட்டோ கெர்டஸ், மின்நிலையத் தொழிலாளி. நிலையத்தின் கல் புகைபோக்கி அவர் மேல் சரிந்து விழுந்தது.

ஸ்டான்ஃபோர்டைப் பற்றி எழுதுகிறவர்கள் நோபல் பரிசு, கூகுள் என்று போவார்கள். நான் அந்தப் புகைபோக்கி வழியாகப் போகிறேன். ஒரு பல்கலைக்கழகத்துக்கும் பருவநிலைக்கும் உள்ள கணக்கு வழக்கெல்லாம் பெரும்பாலும் அந்த மாதிரி இடத்தில்தான் இருக்கிறது. வகுப்பறையிலோ தோட்டத்திலோ இல்லை.

இது எனக்கு லேட்டாகத்தான் புரிந்தது. நான் படித்த பொறியியல் கல்லூரியில் ஒவ்வொரு ஜூன் 5-ம் தேதியும் மரக்கன்று நடுவோம். பேனர், மைக், போட்டோ எல்லாம் உண்டு. நடுவில் கரண்ட் போகும். பின்கட்டில் டீசல் ஜெனரேட்டர் கடகடவென்று ஓட ஆரம்பிக்கும், பேசிக்கொண்டிருப்பவர் குரலை உயர்த்துவார். அதே வருஷம் தெர்மோடைனமிக்ஸ் பரீட்சையில் ஹீட் பம்ப் படம் வரைந்து முழு மார்க் வாங்கினேன். அந்தப் படத்தை எங்கள் கட்டிடத்தோடு பொருத்திப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

*

ஸ்டான்ஃபோர்டுக்கு வருவோம். குளிர்காலத்தில் கட்டிடங்களைச் சூடாக்க அங்கே பல தலைமுறைகளாக நீராவிதான். ஓரிடத்தில் எரிபொருளை எரித்து நீராவி உண்டாக்கி, நிலத்தடிக் குழாய்களில் வளாகம் முழுக்க அனுப்புவார்கள். 1987-ல் இதற்கு நவீனமான ஒரு நிலையம் வந்தது. இயற்கை எரிவாயுவில் ஓடும் கோஜெனரேஷன் நிலையம். சாதாரண அனல்மின் நிலையத்தில் எரிபொருளின் வெப்பத்தில் பாதிக்கு மேல் மின்சாரமாக மாறாமல் வீணாகிவிடும். கோஜெனரேஷனில் அந்த மிச்ச வெப்பத்தையும் பிடித்து நீராவியாக்கிக்கொள்ளலாம். ஒரே அடுப்பில் சோறும் குழம்பும் மாதிரி. அந்தக் காலத்துக்கு அது சிக்கனமான, பாராட்டத்தக்க திட்டம்.

ஆனால் 2000-களில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, பல்கலைக்கழகத்தின் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 90 சதவீதம் இந்த ஒரு நிலையத்திலிருந்து வருவது தெரிந்தது. விளக்கை அணையுங்கள், காகிதத்தின் இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுங்கள் என்று மாணவர்களிடம் என்னதான் சொன்னாலும், அந்த நிலையத்தை மாற்றாமல் பெரிதாக எதையும் குறைத்துவிட முடியாது.

நிலையமும் தன் ஆயுளின் முடிவை நெருங்கியிருந்தது. அதே மாதிரி புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்வது சுலபமான வழி. தெரிந்த தொழில்நுட்பம், பழகிய ஆட்கள், குழாய்கள் ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கின்றன. அப்படிக் கட்டியிருந்தால் இன்னும் முப்பது வருஷத்துக்கு எரிவாயுதான்.

அப்போது வளாகத்தின் எரிசக்திப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஜோ ஸ்டாக்னர் என்ற பொறியாளர். ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு சூடு தேவைப்படுகிறது, எவ்வளவு குளிர் தேவைப்படுகிறது என்ற மீட்டர் கணக்கை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஹீட்டிங் குளிர்காலத்துக்கு, கூலிங் கோடைக்கு என்றுதான் நாம் நினைப்போம். கணக்கு வேறு மாதிரி சொன்னது. ஆய்வகங்களும் சர்வர் அறைகளும் வருஷம் முழுக்கக் குளிர் கேட்கின்றன. மருத்துவமனை வருஷம் முழுக்க வெந்நீர் கேட்கிறது. ஆக, ஒரே மணி நேரத்தில் ஒரு கட்டிடத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சி கூலிங் டவர் வழியாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாலு கட்டிடம் தள்ளி வெப்பம் வேண்டுமென்று எரிவாயுவை எரித்துக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலத்தில் காயாத பள்ளிச் சீருடையை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போட்டுக் காயவைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை. ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளேயிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது. அம்மாக்கள் அந்த வெப்பத்தை வீணாக்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் வீணாக்கிக்கொண்டிருந்தது. வெளியே எறிந்த வெப்பத்தில் சுமார் 70 சதவீதத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று ஸ்டாக்னரின் கணக்கு காட்டியது.

*

அடுத்து வந்தது கடினமான பகுதி. நீராவிக் குழாயில் இந்த வெப்பத்தை அனுப்ப முடியாது. நீராவிக்கு 100 டிகிரிக்கு மேல் வேண்டும். கட்டிடங்களிலிருந்து மீட்கும் வெப்பத்தால் தண்ணீரை 70 டிகிரிவாக்கில் சூடாக்குவதுதான் சிக்கனம். நல்லவேளையாக, ஓர் அறையைச் சூடாக்க அந்த வெந்நீரே போதும். ஆனால் அதற்காக வளாகம் முழுக்கத் தோண்டவேண்டும். 2012 முதல் 2015 வரை தோண்டினார்கள். சுமார் 20 மைல் நீளத்துக்கு வெந்நீர்க் குழாய் பதித்தார்கள். 155 கட்டிடங்களின் இணைப்பை மாற்றினார்கள். வகுப்புகளையும் ஆய்வுகளையும் நிறுத்தமுடியாது என்பதால் பகுதி பகுதியாக வேலை நடந்தது. செலவு சுமார் 48.5 கோடி டாலர்.

2015-ல் புதிய நிலையம் ஓடத் தொடங்க, பழைய கோஜெனரேஷன் நிலையத்தை நிறுத்தினார்கள். புதியதன் இதயம் வெப்ப மீட்புச் சில்லர்கள். எங்கள் பரீட்சைப் படத்தின் பெரிய வடிவம். பக்கத்தில் பிரம்மாண்டமான மூன்று தொட்டிகள், இரண்டில் குளிர்ந்த நீர், ஒன்றில் வெந்நீர். இப்போது மிஞ்சும் வெப்பத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். எப்போது சேமிப்பது, எப்போது எடுப்பது என்று முடிவெடுக்க ஒரு மென்பொருள் எழுதினார்கள். வரும் நாட்களின் வானிலையையும் மின்விலையையும் பார்த்து மணிவாரியாகத் திட்டம் போடுகிற மென்பொருள். எத்தனையோ டாஷ்போர்டுகள் எழுதித் தள்ளிய எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

இந்த மாற்றமும், 2016-ல் கெர்ன் கவுண்டியில் வந்த 67 மெகாவாட் சூரிய மின்நிலையமும் சேர்ந்து, வளாகத்தின் உமிழ்வை அதன் உச்சத்திலிருந்து சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைத்தன. கூலிங் டவரில் ஆவியாகிக்கொண்டிருந்த தண்ணீரும் மிச்சமானது. 2022-ல் இரண்டாவது சூரிய நிலையம் வந்தபின், பயன்படுத்தும் மின்சாரத்துக்கு ஈடான அளவைச் சூரிய ஒளி முதலான புதுப்பிக்கத்தக்க வழிகளிலிருந்து பெறுகிறார்கள்.

*

இதைப் புராணமாக்க வேண்டாம். புதிய நிலையத்திலும் உச்சக் குளிருக்கென்று எரிவாயு பாய்லர்கள் இருக்கின்றன. கருத்தரங்குக்குப் பறக்கும் பேராசிரியர்களின் விமானப் புகை எந்தக் குழாயிலும் அடங்காது. நிலக்கரி நிறுவனங்களில் நேரடி முதலீடு செய்வதில்லை என்று 2014-ல் அறிவித்த ஸ்டான்ஃபோர்ட், எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிலிருந்தும் விலகச்சொல்லி மாணவர்கள் போராடியபோது 2016-ல் மறுத்துவிட்டது. மண்ணுக்குள் எரிவாயுவைக் கைவிட்ட அதே நிறுவனம், முதலீட்டுக் கணக்கில் அதைக் கைவிடத் தயங்கியது.

"அவங்ககிட்ட காசு இருக்கு, பண்றாங்க" என்று நண்பன் சொன்னான். உண்மைதான். ஆனால் எல்லாரும் ஸ்டான்ஃபோர்டைக் காப்பியடிக்க வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகம் 2000-லேயே வேறு வழியைப் பிடித்தது. அதன் காலடியில் கயூகா ஏரி இருக்கிறது. சுமார் 250 அடி ஆழத்தில் தண்ணீர் வருஷம் முழுக்க 4 டிகிரியையொட்டியே இருக்கும். அந்தக் குளிரை மட்டும் வாங்கிக்கொண்டு தண்ணீரை ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். ஏரி கெடுமோ என்று ஊர்க்காரர்கள் எதிர்த்ததும் நடந்தது. இரண்டு இடத்திலும் முதலில் செய்தது ஒன்றுதான்: தன் இடத்தையே பாடமாக எடுத்துப் படித்தது.

போன வருஷம் ஒரு வேலையாக எங்கள் கல்லூரிக்குப் போயிருந்தேன். புது விடுதியின் பின்சுவரில் ஏசி அவுட்டோர் யூனிட்கள் வரிசையாக அனல்காற்றை ஊதிக்கொண்டிருந்தன. அதே சுவரின் மேல் மாடிகளில் குளியலறை கீசர்கள். கீழே அனலில் நின்றபடி, கூட வந்த மூன்றாம் ஆண்டு மாணவனிடம், "தம்பி, இந்தக் கட்டிடத்துக்கு மாசம் எவ்வளவு யூனிட் ஆகுது?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணா. கேட்டா சொல்வாங்களான்னும் தெரியல."

கேட்டுப் பார்க்கச் சொன்னேன். ஸ்டாக்னரின் வேலையும் மீட்டர் கணக்கைக் கையில் எடுத்ததில்தான் ஆரம்பித்தது. தெர்மோடைனமிக்ஸ் பாடத்தின் முதல் அசைன்மெண்டாக அதைக் கொடுத்தால் யாருக்கும் காசு செலவில்லை. மரக்கன்றை அந்த வருஷமும் நடலாம்.