மருந்து யாருக்குப் பலித்தது?

ஒரு மருந்து நல்லதா என்று கேட்பது எளிது. அது எவருக்கு நல்லது, எந்த நிலையில் நல்லது, எவருக்குப் பயன்படாது என்று கேட்பதுதான் அரிது. பக்கத்து வீட்டுக்காரரைத் தேற்றிய கஷாயம் நம்மையும் தேற்றிவிடும் என்று நம்பும் இயல்பு நம் எல்லோரிடமும் உண்டு. நோயாளியின் தன்மை, நோயின் கடுமை, பருவம் ஆகிய மூன்றையும் எடைபோட்ட பின்னரே வைத்தியன் செயற்பட வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. ஆனால், எடைபோடுவது எப்படி? போட்ட எடை சரிதானா என்று சோதிப்பது எப்படி? இக்கேள்விகளுக்கு விடை தேடிய வரலாற்றில் நம் நாட்டு க்ஷயரோக ஆராய்ச்சிகளுக்குத் தனிச் சிறப்புடைய இடம் உண்டு. அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1946ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஸ்ட்ரெப்டோமைஸின் என்னும் புதுமருந்து மிகச் சிறிதளவே இருந்தது; கேட்டவர்க்கெல்லாம் கொடுக்க இயலவில்லை. அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் அந்தத் தட்டுப்பாட்டையே ஒரு வாய்ப்பாகக் கொண்டது. புள்ளியியல் அறிஞர் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த முறைப்படி, யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவர்கள் தம் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. திருவுளச் சீட்டைப் போன்ற ஓர் ஏற்பாடு முடிவு செய்தது. இரு பகுதியாரும் எல்லா வகையிலும் ஒத்தவர்களாக அமைவதற்கு அதுவே வழி. 6 மாதங்களுக்குப் பின் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். முடிவுகள் 1948இல் வெளியாயின.

மருந்து பலித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருக்குப் பலித்தது? சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் 15 முதல் 30 வயது வரையிலான இளைஞர்கள். இரு நுரையீரல்களிலும் விரைந்து பரவும் நோயுடையவர்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் வைத்துக் கவனிக்கப்பட்டவர்கள். மேலும், நாட்கள் செல்லச் செல்லப் பலருடைய கிருமிகள் அம்மருந்தை எதிர்த்து நிற்கும் வலிமையைப் பெற்றுவிட்டன. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால்தான் அதைத் தடுக்கலாம் என்பது அடுத்த சோதனையில் தெளிவாயிற்று. லண்டன் மாநகரின் படுக்கையில் கண்ட உண்மை, சென்னையில் ஒற்றை அறையில் ஆறு பேருடன் வாழும் கூலித்தொழிலாளிக்கும் பொருந்துமா என்ற கேள்வி அப்போதும் எஞ்சியே நின்றது.

நம் நாட்டிற்கு அக்கேள்வி உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கை, ஆண்டுதோறும் சுமார் 5 லட்சம் பேர் க்ஷயரோகத்தால் மடிவதாகவும், சுமார் 25 லட்சம் பேர் நோயுடன் வாழ்வதாகவும் மதிப்பிட்டது. அவர்களுக்கெனத் தேசம் முழுவதிலும் இருந்த படுக்கைகளோ சுமார் 6,000. மதனப்பள்ளியிலும் தாம்பரத்திலும் இருந்தவை போன்ற ஸானடோரியங்கள் நற்பணி ஆற்றின. ஆனால் வாசலில் காத்து நின்றவர்களின் வரிசை குறையவில்லை. தூய காற்று, நல்லுணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றும் இன்றி இந்நோய் தீராது என்பது அக்காலத்துப் பெரியோர் கருத்து. அக்கருத்து மெய்யானால், ஏழை நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு விமோசனமே இல்லை என்று பொருள்.

இந்நிலையில் 1956இல் சென்னையில் க்ஷயரோக ரசாயன சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகிய நான்கும் கைகோத்து நடத்திய முயற்சி அது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். நகரத்து ஏழை நோயாளிகளைச் சீட்டு முறையில் இரு பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதியார் ஓராண்டுக் காலம் ஸானடோரியத்தில் தங்கினர். மற்றொரு பகுதியார் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பகுதியாருக்கும் கொடுத்த மருந்து ஒன்றே: ஐசோனியாஸிடும் பாஸும்.

வீட்டில் இருந்தவர்கள் வாரந்தோறும் நிலையத்திற்கு வந்து மருந்தை வாங்கிச் சென்றனர். மருந்தைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று ஆராய்ச்சியாளர் இருந்துவிடவில்லை. அறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து, மருந்து உண்மையாகவே உட்கொள்ளப்பட்டதா என்று கண்டறிந்தனர். மருந்து பலிக்காமற் போனால், குற்றம் மருந்தினுடையதா, உண்ணாமல் விட்டதனுடையதா என்று பிரித்தறிய வேண்டுமல்லவா?

ஓராண்டின் முடிவில், ஸானடோரியத்தில் இருந்தவர்களில் 100க்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 100க்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது அச்சிறு வேறுபாடும் மறைந்தது. ஸானடோரியத்தில் இருந்தவர்கள் உண்ட உணவு மேலானது, ஓய்வும் மிகுதி, உடல் எடையும் அவர்களுக்கே கூடுதலாக ஏறியது. ஆயினும் கிருமியை வெல்வதில் அவர்கள் பெரிதாக முந்திவிடவில்லை. மற்றோர் அச்சமும் இருந்தது: வீட்டில் இருக்கும் நோயாளி மனைவி மக்களுக்கு நோயைப் பரப்புவாரே என்பது. குடும்பத்தாரையும் ஆண்டுக்கணக்கில் சோதித்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் உறவினருக்கு அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை என்று தெரிந்தது. பரவிய நோயில் பெரும்பகுதி, சிகிச்சை தொடங்குமுன்பே பரவிவிட்டிருந்தது. உலக நாடுகள் பலவற்றில் க்ஷயரோக ஸானடோரியங்களின் காலம் முடிவதற்கு இந்த ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணமாயிற்று.

அடுத்து வந்த சோதனைகள் இன்னும் நுட்பமானவை. ஐசோனியாஸிடை உடல் செயலிழக்கச் செய்யும் வேகம் எல்லோருக்கும் ஒன்றன்று. அது பெற்றோர் வழியாக வரும் இயல்பு. சிலர் அதை விரைவாக மாற்றிவிடுகிறார்கள். சிலர் மெதுவாக மாற்றுகிறார்கள். தென்னிந்தியரில் ஏறத்தாழ 100க்கு 60 பேர் மெதுவாக மாற்றுவோர். ஜப்பானியரிலோ மிகப் பெரும்பாலோர் விரைவாக மாற்றுவோர். ஐசோனியாஸிட் ஒன்றையே உண்டவர்களில் மெதுவாக மாற்றுவோர் ஓரளவு நன்றாகத் தேறினர். ஏனெனில் மருந்து அவர்கள் இரத்தத்தில் நெடுநேரம் தங்கியது. ஆனால் அதே காரணத்தால், மருந்தின் அளவைக் கூட்டியபோது கைகால் எரிச்சலும் மரமரப்பும் பெரும்பாலும் அவர்களையே தாக்கின. பைரிடாக்ஸின் என்னும் வைட்டமின் அத்தீங்கைத் தடுத்தது. ஒரே மருந்து, ஒரே அளவு. நன்மையும் தீமையும் ஆளுக்கு ஆள் மாறின.

இவ்வேறுபாட்டை அறிந்ததால் விளைந்த பயன் யாது? நாள்தோறும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது இரு வகையினரிடையே கருதத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. வாரம் இருமுறை, மருத்துவப் பணியாளரின் கண்ணெதிரே, ஸ்ட்ரெப்டோமைஸினும் மிகுந்த அளவு ஐசோனியாஸிடும் கொடுத்த முறையும் நல்ல பலன் தந்தது. ஆனால் வாரம் ஒருமுறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, விரைவாக மாற்றுவோர் பின்தங்கினர். மொத்தச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால், ‘ஓரளவு பயன் தரும் முறை’ என்று எழுதி முடித்திருக்கலாம். அந்தச் சராசரியின் அடியில், ஒரு பகுதியார் பிழைப்பதும் மற்றொரு பகுதியார் நலிவதும் மறைந்திருந்தன.

தடுப்பு மருந்திலும் இதே பாடம் கிடைத்தது. பி.ஸி.ஜி. ஊசியைப் பற்றி 1955இல் நம் நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது; ராஜாஜி அதை எதிர்த்துத் தனி நூலே வெளியிட்டார். 1950இல் பிரிட்டனில் பள்ளி முடிக்கும் பருவத்துச் சிறுவர் சிறுமியரிடையே தொடங்கிய சோதனையோ, அவ்வூசி நோயை 100க்கு 75க்கு மேலாகவே குறைப்பதாகக் காட்டிற்று. அம்முடிவை நம் நாட்டில் சோதித்துப் பார்க்க, 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட மாபெரும் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. 1979இல் வந்த முதல் அறிக்கையும், 15 ஆண்டுக் கண்காணிப்பின் பின் 1999இல் வந்த அறிக்கையும் ஒன்றையே கூறின: வளர்ந்தோரின் நுரையீரல் க்ஷயத்தை அவ்வூசி தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு கிருமிகளின் தொடர்பு இதற்குக் காரணமாகலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆனால் பச்சிளங் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகை க்ஷயத்திலிருந்து அதே ஊசி காக்கிறது. ஆகவேதான் பிறந்த குழந்தைக்கு இன்றும் அதை இடுகிறோம். ‘பலிக்கும்’ என்றவரும் ‘பலிக்காது’ என்றவரும் தத்தம் அளவில் ஒரு பாதி உண்மையையே கண்டனர்.

சோதனைக்கு வராதவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1963இல் வெளியான ஓர் ஆய்வு, மைசூர் இராஜ்யத்தின் தும்கூர் மாவட்டத்தில் சளியில் கிருமியுடன் கிராமங்களில் வாழ்ந்தவர்களை வீடு தேடிச் சென்று கண்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே வைத்திய உதவியை நாடிச் சென்றவர்கள். பெரும்பாலோர் பெற்று வந்தது இருமல் மருந்தே. சென்னையில் 100க்கு 86 பேரைத் தேற்றிய மருந்து, நோய் இன்னதென்று கண்டறியப்படாத மனிதருக்கு என்ன செய்ய முடியும்? மருந்தின் ஆற்றல் வேறு. அம்மருந்து ஊர் ஊராகச் சென்று விளைக்கும் பயன் வேறு. பெங்களூரில் 1959இல் நிறுவப்பட்ட தேசிய க்ஷயரோக நிலையமும், 1962இல் தொடங்கிய தேசியத் திட்டமும் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தூர்க்க முயன்றவையே.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நல்லுணவு இன்றியும் மருந்தால் கிருமியை வெல்லலாம் என்று சென்னை ஆராய்ச்சி காட்டியதைச் சிலர், உணவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லை என்று திரித்துக் கொண்டனர். 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்த ஆராய்ச்சி வேறொரு கேள்வியை எழுப்பிற்று. அங்கே 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் கவனிக்கப்பட்டனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள் கொடுக்கப்பட்டது. குடும்பத்தாரில் ஒரு பகுதியாருக்கு மட்டும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் மாதந்தோறும் கூடுதலாகக் கிடைத்தன. அப்பகுதியாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 100க்கு 39 அளவு குறைந்தது என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. முந்தைய முடிவு பொய்யாகிவிடவில்லை. அது நோயுற்றவர் குணமடைவதைப் பற்றியது. இது நோயுறாதவர் காக்கப்படுவதைப் பற்றியது. ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையைச் சுற்றி அமர்ந்த இருவருக்கு விடைகள் இரண்டாக இருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வகை பிரித்துப் பார்ப்பது நல்லதென்பதால், முடிவு வந்த பின் நோயாளிகளை வயது, தொழில், ஊர், கிழமை என்று கண்டபடி கூறுபோட்டால், சோழி உருட்டும்போது தற்செயலாகத் தாயம் விழுவதுபோல ஏதோ ஒரு கூறில் அதிசயப் பலன் தென்பட்டே தீரும். அதை நம்பி வைத்தியம் செய்வது ஆபத்து. எவ்வகையினரைப் பிரித்துப் பார்க்கப் போகிறோம், ஏன் பார்க்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வகையிலும் போதிய எண்ணிக்கை இருக்க வேண்டும். கண்ட வேறுபாடு மற்றோர் ஆராய்ச்சியிலும் மீண்டும் தோன்ற வேண்டும். ஐசோனியாஸிட் விஷயத்தில் உடலியல் காரணமும் தெரிந்திருந்தது. அளவிடும் முறையும் இருந்தது. அதனால்தான் அம்முடிவு நிலைத்தது.

சென்னை நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன் பணியாற்றுகிறது. 1956இல் சீட்டு விழுந்தபடி வீட்டிலோ ஸானடோரியத்திலோ ஓராண்டு மருந்துண்டு, வாரந்தவறாமல் வந்து சோதனைக்கு உட்பட்ட அந்த ஏழை நோயாளிகளின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. படுக்கை கிடைக்காத பல லட்சம் பேருக்கு மருத்துவத்தின் கதவு திறந்தது அவர்கள் ஒத்துழைப்பால்தான். புதுமருந்து ஒன்றைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கும்போது, அது பலிக்கிறதா என்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளலாகாது. சோதிக்கப்பட்டவர் யார், அவருள் நம்மைப் போன்றவர் எத்தனை பேர், பலன் பெறாதவர் யார் என்றும் கேட்கப் பழகுவோம். அந்நோயாளிகளுக்கு நாம் பட்டிருக்கும் கடனைச் சிறிதளவேனும் தீர்ப்பதற்கு இதுவும் ஒரு வழி.