நாட்களில் அளக்க வேண்டிய நெரிசல்: சேலம், நாமக்கல் சிறைகளை முன்வைத்து

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி, நாட்டிலுள்ள 1,330 சிறைகளில் 4,36,266 பேரை வைக்கலாம். ஆண்டிறுதியில் அங்கே இருந்தவர்கள் 5,73,220 பேர். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். டெல்லி, உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகிய இடங்களில் நிலை இதைவிட மோசம். தமிழ்நாட்டிலோ கொள்ளளவைவிடக் கைதிகள் குறைவு. ஆகவே சிறை நெரிசல் வடமாநிலங்களின் சிக்கல், நமக்குப் பொருந்தாது என்ற பேச்சு இங்கே வழக்கறிஞர்களிடம்கூடப் புழங்குகிறது. அந்தப் பேச்சு இடத்தை எண்ணுகிறது, நாளை எண்ணுவதில்லை. ஒருவர் தேவையின்றி உள்ளே கழிக்கும் நாட்களைக் கொண்டே நெரிசலை அளக்க வேண்டும் என்பதும், அப்படி அளந்தால் சேலம், நாமக்கல் பகுதி விலக்குப் பெறாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மாநிலச் சராசரி எதை மறைக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டின் கொள்ளளவுக் கணக்கில் மத்திய சிறைகள், பெண்கள் தனிச்சிறைகள், இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிகள், திறந்தவெளிச் சிறைகள், தாலுகா ஊர்களின் கிளைச் சிறைகள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. கிளைச் சிறைகள் அதிகம் உள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நாமக்கல் கிளைச் சிறையில் பத்து இடம் காலியாக இருப்பதால் அஸ்தம்பட்டியிலுள்ள சேலம் மத்திய சிறையின் ஒரு பிளாக்கில் படுப்பவருக்குக் கூடுதலாக ஒரு சாண் இடமும் கிடைக்காது. நீண்ட தண்டனை பெற்றவர்களும் குண்டாஸ் எனப்படும் தடுப்புக்காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களும் பெரிய வழக்குகளின் விசாரணைக் கைதிகளும் மத்திய சிறைக்கே வருகிறார்கள். பெண்களின் நிலை வேறு. மாநிலத்தில் பெண்களுக்கான தனிச்சிறைகள் புழல், வேலூர், திருச்சி, மதுரை, கோவை ஆகிய ஐந்து இடங்களில் உள்ளன. சேலத்துப் பெண் ஒருவர் கோவைக்கு அனுப்பப்பட்டால் புள்ளிவிவரத்தில் எந்த நெரிசலும் தெரியாது. மனு போட்டுப் பார்க்க வரும் தாய்க்கு மட்டும் ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகும்.

வெளிநாட்டு நீதிமன்றங்கள் பெரும்பாலும் இடத்தையே அளந்தன. பிரவுன் எதிர் பிளாட்டா வழக்கில் 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கலிபோர்னியச் சிறைகளின் கைதிகளை வடிவமைப்புக் கொள்ளளவில் 137.5 விழுக்காட்டுக்குக் குறைக்கச் சொன்ன ஆணையை உறுதி செய்தது. இந்தியச் சராசரி அந்த உச்சவரம்புக்கும் கீழே இருக்கிறது என்று யாராவது பெருமைப்பட்டாலும் வியப்பில்லை. 2013இல் தொர்ரெஜானி வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஒருவருக்கு மூன்று சதுர மீட்டர் மட்டுமே இருந்த இத்தாலியச் சிறைகளைக் கண்டித்தது. இந்த அளவுகோல்கள் தேவைதான். ஆனால் அவை கைதி உள்ளே வந்த பிறகே தொடங்குகின்றன. நம் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூவர் தண்டிக்கப்படாதவர்கள். 2022இல் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காடு. இவர்களைப் பொறுத்தவரை எத்தனை சதுர மீட்டர் என்பதற்கு முன்னால், ஏன் இத்தனை நாள் என்று கேட்க வேண்டும்.

இதில் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு சிறைக்கு நாள்தோறும் புதிதாக 20 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக 30 நாள் இருந்துவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே 600 பேர் இருப்பார்கள். ஊரில் குற்றம் ஒன்றுகூடக் கூடாமல், ஜாமீன்தாரர் கிடைக்க மேலும் 15 நாள் ஆகிறது என்றால் அந்த எண் 900 ஆகும். கூடுதல் 300 பேருக்கும் போலீசாரின் சுறுசுறுப்புக்கும் தொடர்பில்லை. அவர்கள் நீதிமன்ற அலுவலகத்திலும் தாசில்தார் அலுவலகத்திலும் உருவானவர்கள்.

புதிய கட்டடம் கட்டினால் தீரும் என்பவர்களுக்கு நாடளாவிய எண்களே பதில். 2019இல் கொள்ளளவு 4,03,739, கைதிகள் 4,78,600. மூன்றே ஆண்டில் 32,527 இடங்கள் கூட்டப்பட்டன. கைதிகள் கூடியது 94,620. இடைப்பட்ட 2020ஆம் ஆண்டு நல்ல சான்று. கொரோனா பரவத் தொடங்கியதும் அந்த ஆண்டு மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைத்து, யாரையெல்லாம் வெளியே விடலாம் என்று பார்க்கச் சொன்னது. சில வாரங்களிலேயே ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தனர். ஆண்டிறுதியில் நெரிசல் 118 விழுக்காட்டிலேயே நின்றது. அச்சம் தணிந்ததும் 2021இல் 130ஐத் தாண்டியது. சட்டம் அப்படியே இருந்தது, கட்டடமும் பெரிதாக மாறவில்லை. அதிகாரிகள் கைதிகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்ததுதான் அந்த ஓராண்டின் வேறுபாடு.

சேலம், நாமக்கல் நீதிமன்றங்களில் பிணை என்பது பெரும்பாலும் பணமாக இல்லை, ஆளாகவும் தாளாகவும் இருக்கிறது. இரண்டு ஜாமீன்தாரர், அவர்களின் குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, சில வழக்குகளில் தாசில்தாரின் சொத்து மதிப்புச் சான்று. ஏமப்பள்ளிக்காரருக்கோ வெண்ணந்தூர்க்காரருக்கோ பங்காளி, மாமன், மச்சான் என்று யாராவது கையெழுத்துப் போட வருவார்கள். பள்ளிபாளையம் விசைத்தறிக்கோ நாமக்கல் கோழிப்பண்ணைக்கோ ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிக்கு இங்கே வரி ரசீது வைத்திருக்கும் உறவினர் எவர்? ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர் என்ற விசித்திர வகை இப்படித்தான் உருவாகிறது. கூலிக்கு ஜாமீன் நிற்போரின் சந்தையும் இதன் பக்க விளைவே. நீதிமன்றங்கள் அந்தச் சந்தையைக் கண்டித்துக்கொண்டே அதற்கு வாடிக்கையாளரையும் அனுப்பிவைக்கின்றன.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1978இல் மோதிராம் வழக்கில், ஏழைக் கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பிணை கேட்ட நடுவர், அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அந்த ஜாமீனையும் ஏற்க மறுத்தார். உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகச் சாடியது. நாற்பத்தைந்து ஆண்டு கழித்து, 2023 ஜனவரி 31 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது: பிணை வழங்கி ஏழு நாளில் கைதி வெளியேறாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும்; ஒரு மாதமாகியும் பிணைப்பத்திரம் தாக்கலாகாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது குறித்துப் பார்க்கலாம்; உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. அதே ஆண்டு ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டம் ஒன்றை அறிவித்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை என்று அப்போது வரம்பு வைத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் இங்கே தட்டுப்பாடு ரூபாய்க்கு இல்லை; கையெழுத்துப் போடும் மனிதருக்கு.

மோதிராம் தீர்ப்பை எழுதியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். மலபாரின் தலசேரியில் வழக்கறிஞராக இருந்தவர். 1948இல் தாமே ஒரு மாதம் சிறையில் வைக்கப்பட்டவர். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத் துறையையும் பார்த்தவர். அவருடைய தீர்ப்புகளைச் சேலத்தோடு சேர்த்துப் படிக்கக் காரணம், சேலம் சிறைக்கும் மலபாருக்கும் உள்ள பழைய தொடர்பு.

1862இல் நிறுவப்பட்ட சேலம் மத்திய சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தனர். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் மலபார் உழவர் போராட்டங்களில் பிடிபட்டவர்கள். மலபார் அப்போது சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம். அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கைதிகளே தாக்கினார்கள் என்றது நிர்வாகம். அடைத்து வைத்துச் சுட்டார்கள் என்றனர் தப்பியவர்கள். ஆட்சியில் இருந்தது பி. எஸ். குமாரசாமி ராஜாவின் காங்கிரஸ் அமைச்சரவை, அதாவது ஆங்கிலேயர் காலத்தில் சிறைச் சோற்றை அறிந்தவர்களின் கட்சி. இரண்டு வாரத்துக்குள் நாடாளுமன்றம் தடுப்புக்காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மே 19 அன்று, மலபார்க்காரரே ஆன ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் ஒரே ஒரு பிரிவைத் தள்ளிவிட்டு மீதியைச் செல்லும் என்றது. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டு எழுதினார். பெரும்பான்மையின் அணுகுமுறை கைவிடப்பட 1978இல் மேனகா காந்தி வழக்கு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இச்சம்பவத்தைத் தியாக வரலாறாக மட்டும் நினைவுகூரும் வழக்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி 11இல் பொதுவுடைமைக் கட்சிகள் அஞ்சலி செலுத்துகின்றன. சிறை ஆய்வாளருக்கு அதில் வேறொரு செய்தியும் உண்டு. ஊரிலிருந்து, மொழியிலிருந்து, உறவிலிருந்து பிரித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுவந்து வைத்தால் கைதி நிர்வாகத்துக்கு எண்ணாக மட்டும் தெரிகிறார். உள்ளே நடப்பதை வெளியே சொல்ல மனுவில் வந்து பார்ப்பவர் இல்லை. இடம் காலியாக இருக்கும் சிறைக்கு ஆளை மாற்றுவது நெரிசலுக்கு மருந்து என்று இன்றும் சொல்லப்படுகிறது. அந்த மருந்தின் பக்க விளைவைச் சேலம் முன்பே கண்டிருக்கிறது.

நாட்களைக் கூட்டும் இன்னொரு வழி குண்டாஸ். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைக்கலாம். சாராயம் காய்ச்சுவோரில் தொடங்கிய பட்டியலில் மணல் கடத்துவோர், திருட்டு வீடியோ விற்போர், இணையவழிக் குற்றம் செய்வோர் என ஒவ்வொருவராகச் சேர்ந்தனர். தடுப்புக்காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. 2017 ஜூலையில் சேலத்தில் ஒரு மாணவி, எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்த நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களை ஆதரித்துத் துண்டறிக்கை கொடுத்ததற்காகக் கைதாகி, சில நாளில் குண்டாஸும் போடப்பட்டுக் கோவைச் சிறையில் வைக்கப்பட்டார். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. பலர் இதை நீதியின் வெற்றி என்றார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் உள்ளே கழிந்துவிட்டதே! ஆட்கொணர்வு மனுக்களில் பெருமளவு ஆணைகள் நடைமுறைக் குறைகளுக்காக ரத்தாகின்றன என்பது உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள் எல்லாரும் அறிந்தது. அதற்குள் பல மாதம் போய்விடுகிறது. வழக்கமான சட்டமே போதும் என்ற இடத்தில் தடுப்புக்காவல் செல்லாது என்று ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2011இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜாமீன் கிடைக்கப்போகிறது என்ற நிலையில் அதைத் தடுக்கவே இந்த ஆணை போடப்படுவது அத்தீர்ப்புக்குப் பிறகும் நிற்கவில்லை.

பாதுகாப்பு வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. சாட்சியை மிரட்டக்கூடியவர், திரும்பவும் அதே குற்றம் செய்யக்கூடியவர் உண்டு. காவல்துறையின் அச்சம் சில வழக்குகளில் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்தைப் பிணை மனுவின்போது நீதிபதி முன்னால் ஆதாரத்தோடு வைக்கலாம். அதற்கு உழைப்பு வேண்டும். குண்டாஸுக்கு அச்சடித்த படிவம் போதும்.

நாட்களைக் குறைக்கவும் சட்டத்தில் வழி உண்டு. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 436அ பிரிவு, அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் காலத்திலேயே கழித்தவருக்குப் பிணை தரச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு வந்துள்ளது. முதல்முறைக் குற்றவாளிக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். விண்ணப்பிக்கும் கடமையையும் சிறைக் கண்காணிப்பாளர் மீதே சட்டம் சுமத்துகிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நாட்களை எண்ணும் பொறுப்பு இறுதியாக ஓர் அதிகாரியின் மேசைக்கு வந்திருக்கிறது என்ற அளவில் இது முன்னேற்றம்.

ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவரை இந்தச் சலுகையிலிருந்து விலக்குகிறது. சேலத்தில் இதன் பொருள் என்ன? தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று இந்த மண்ணின் பெயரைத் தாங்கிய சமூகங்கள் இருக்கின்றன. 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. கண்டுபிடிக்க முடியாத திருட்டுகளை இச்சமூகத்தவர் மீது போடுவதாக எழும் புகார் இன்றுவரை ஓயவில்லை. 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றத்தின் சுகன்யா சாந்தா வழக்குத் தீர்ப்பு, சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டம் கூடாது என்றதோடு, சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளியாகப் பார்க்கும் சிறை விதிகளையும் செல்லாதென்றது. சாதிப் பிரிவினைக்குச் சான்றாக அதில் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்படுகிறது. அத்தீர்ப்பு சிறைக் கதவுக்கு உள்ளே நடப்பதைத் திருத்துகிறது. கதவுக்கு வெளியே, ஒரே இரவில் ஒருவர் மீது நான்கு முதல் தகவல் அறிக்கை பதிந்துவிட்டால் 479இன் கதவு அவருக்கு மூடிக்கொள்கிறது. அந்த நான்கில் எத்தனை நிற்கும் என்பதை எந்த நீதிமன்றமும் அன்று பார்க்காது. யாரைக் காக்கப் பிரிவு எழுதப்பட்டதோ அவரையே அதன் உட்பிரிவு வெளியே நிறுத்துகிறது. ஆகவே பல வழக்கு என்ற விலக்கு, குற்றப்பத்திரிகை தாக்கலான வழக்குகளை மட்டுமே எண்ண வேண்டும் என்று திருத்தப்பட வேண்டும். திருத்தம் வரும் வரை, ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே கழிந்த நாளைக் காட்டும் பட்டியலைக் கண்காணிப்பாளர் மாதந்தோறும் மாவட்ட விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.