கீசருக்குள் ஒரு கம்பி

நெல்லிக்குப்பத்துக்கு பாய்லர் புதிதல்ல. 1842 முதல் இங்கே சர்க்கரை ஆலை இருக்கிறது. வீடுகளில் விறகு மூட்டிய செப்புத் தவலைதான். ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போட்டு, மறுநாளே வெந்நீர் காய்ச்சிவிடலாம். கீசரில் அந்த வசதி கிடையாது.

ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து வந்த பெயர் அது. 1868-ல் லண்டனில் பெஞ்சமின் மாகன் தன் காஸ் கருவிக்கு வைத்தார். புகை வெளியேற வழி வைக்கவில்லை. குளியலறையில் அது எவ்வளவு ஆபத்து!

இன்றைய எஃகுத் தொட்டியைக் காப்பது அதைவிடப் பழைய யோசனை. 1824-ல் ஹம்ப்ரி டேவி, கடல்நீர் அரித்த கப்பல்களின் செப்புத் தகட்டில் இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தினார். அவை கரைந்தன, செம்பு தப்பியது. (ஆனால் கரையாத செம்பில் கடல் உயிரிகள் அப்பிக்கொண்டு கப்பல் வேகம் குறைந்தது, கடற்படை கைவிட்டது.) கீசருக்குள் உள்ள மெக்னீசியக் கம்பிக்கும் அதே வேலைதான். அது தீர்ந்தால் அடுத்து தொட்டி அரிக்கும். உப்புத் தண்ணீரில் சீக்கிரமே தீரும்.

ஒழுகுகிறதா? முதலில் எம்.சி.பி.யை இறக்குங்கள், பிறகு தண்ணீர் வால்வை மூடுங்கள். சூடாகும்போது பாதுகாப்பு வால்வில் கொஞ்சம் சொட்டுவது இயல்பு. தொட்டியே கசிந்தால் மாற்றத்தான் வேண்டும். சர்வீசுக்கு வருபவரிடம் கம்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பலர் திறப்பதே இல்லை.